ஜவானிலிருந்து அதிகாரி: எந்த வழி உங்களுக்கு, எதை எப்போது செய்ய வேண்டும்

இந்திய ராணுவத்தில் சிப்பாயாகச் சேர்ந்தவர் அதிகாரி ஆகலாம் என்பது படையில் எல்லோருக்கும் தெரியும். தனக்குத் திறந்திருக்கும் வழி எது, அது எந்தத் தேதியில் மூடுகிறது என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. படிப்பும் உடம்பும் தயாராக இருந்தும், வயது ஒரு மாதம் தாண்டியதாலோ சர்வீஸ் ரெக்கார்டில் ஒரு பதிவு விடுபட்டதாலோ நல்ல ஜவான்கள் வெளியே நின்றுவிடுகிறார்கள். அப்படி யாரும் நிற்க வேண்டாம் என்பதற்காகவே இது.

ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். நாயப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர் ஆகிய ஜே.சி.ஓ. பதவிகள் (ஜவானுக்கும் அதிகாரிக்கும் நடுவில் உள்ளவை) வேறு, கமிஷன் (அதிகாரியாக நியமிக்கும் ஆணை) பெற்ற அதிகாரி வேறு. பணியின் கடைசிக் கட்டத்தில் சில ஜே.சி.ஓ.க்களுக்குக் கிடைக்கும் கௌரவ லெப்டினன்ட், கௌரவ கேப்டன் பட்டங்களும் இந்தக் கணக்கில் வராது. இங்கே சொல்வது லெப்டினன்டாகத் தொடங்கி மேலே போகும் வழிகளைப் பற்றி.

1. முதலில் வயதைக் கணக்கிடுங்கள்

படிப்பு, ஆங்கிலம், எஸ்.எஸ்.பி. (அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் ஐந்து நாள் தேர்வு) எல்லாம் பிறகுதான். உங்கள் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியை ஒரு காகிதத்தில் எழுதி, கீழே உள்ள வரம்புகளோடு ஒப்பிடுங்கள்.

சி.டி.எஸ். (ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணிகள்) தேர்வு: யு.பி.எஸ்.சி. நடத்துவது. டேராடூன் ஐ.எம்.ஏ.வுக்கு (இந்திய ராணுவ அகாடமி) 19 முதல் 24 வயது, சென்னை பரங்கிமலையில் உள்ள ஓ.டி.ஏ.வுக்கு (அதிகாரிகள் பயிற்சி அகாடமி) 19 முதல் 25 வயது. பட்டம் வேண்டும். திருமணம் ஆகியிருக்கக் கூடாது.

டி.ஜி.சி. (தொழில்நுட்பப் பட்டதாரிகள் பயிற்சி), எஸ்.எஸ்.சி. டெக் (தொழில்நுட்ப ஷார்ட் சர்வீஸ் கமிஷன்): பொறியியல் பட்டம் உள்ளவர்களுக்கு. 20 முதல் 27 வயது. எழுத்துத் தேர்வு கிடையாது. பட்டப் படிப்பு மதிப்பெண்ணை வைத்து எஸ்.எஸ்.பி.க்கு அழைப்பார்கள்.

ஏ.சி.சி. (ராணுவ கேடட் கல்லூரி): படையில் இருப்பவர்களுக்கென்றே உள்ள வழி. 20 முதல் 27 வயது, குறைந்தது 2 ஆண்டு சர்வீஸ், +2 தேர்ச்சி. கடற்படை, விமானப்படையில் இணையான பதவியில் உள்ளவர்களும் எழுதலாம்.

எஸ்.சி.ஓ. (சிறப்பு கமிஷன் அதிகாரி): 28 முதல் 35 வயது வரை உள்ள ஜவான்கள், என்.சி.ஓ.க்கள் (நாயக், ஹவில்தார் போன்றவர்கள்), ஜே.சி.ஓ.க்களுக்கு.

பி.சி. எஸ்.எல். (நிரந்தர கமிஷன், சிறப்புப் பட்டியல்): 42 வயது வரை, குறைந்தது 10 ஆண்டு சர்வீஸ் உள்ள என்.சி.ஓ., ஜே.சி.ஓ.க்களுக்கு.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஏ.சி.சி. 27-இல் முடிகிறது, எஸ்.சி.ஓ. 28-இல் தொடங்குகிறது. நடுவில் உள்ள வருடத்தில் பெரும்பாலானோருக்கு சர்வீஸ் வழி (படையில் இருப்பவர்களுக்கென்றே உள்ளது) எதுவும் திறந்திருக்காது. '26 ஆகட்டும், பார்க்கலாம்' என்று தள்ளுபவருக்கு ஏ.சி.சி.யில் கிடைப்பது பெரும்பாலும் ஒரே ஒரு முயற்சிதான்.

இன்னொன்று: வயது பார்ப்பது நீங்கள் விண்ணப்பிக்கும் நாளை வைத்து அல்ல. அறிவிப்பில் ஒரு கணக்குத் தேதி இருக்கும். பெரும்பாலும் அது பயிற்சி தொடங்கும் காலத்தை ஒட்டியது. விண்ணப்பிக்கும்போது வயது சரியாக இருந்தும் அந்தத் தேதியில் கடந்துவிடும் நிலை அடிக்கடி வருகிறது. 'இந்தத் தேதிக்கு முன்னும் இந்தத் தேதிக்குப் பின்னும் பிறந்திருக்கக் கூடாது' என்ற வரியை மட்டும் பாருங்கள்.

2. எந்த வழி என்று முடிவு செய்யுங்கள்

24 வயதுக்குள் பட்டம் கையில் இருந்தால் சி.டி.எஸ்.தான் முதல் தேர்வு. ஐ.எம்.ஏ. பயிற்சி 18 மாதம், ஓ.டி.ஏ. பயிற்சி 49 வாரம். அதே வயதில் ஏ.சி.சி.யில் நுழைந்தால் மூன்று வருடம் ஏ.சி.சி., அதன் பிறகு ஒரு வருடம் ஐ.எம்.ஏ. என்று நான்கு வருடம் போகும். பட்டம் இல்லாதவருக்கு அந்த நான்கு வருடம் வீண் இல்லை. ஏ.சி.சி. முடிக்கும்போது ஜே.என்.யு. வழங்கும் பி.ஏ. அல்லது பி.எஸ்சி. பட்டம் சேர்ந்தே கிடைக்கிறது.

இரண்டுக்கும் தகுதி இருந்தால் இரண்டையும் எழுதுங்கள். சி.டி.எஸ். வருடத்துக்கு இரண்டு முறை வருகிறது. ஒன்றுக்காக இன்னொன்றை விடக் காரணம் இல்லை.

வயதின் விலையையும் பாருங்கள். கேப்டன் 2 வருடம், மேஜர் 6 வருடம், லெப்டினன்ட் கர்னல் 13 வருடம் என்று கமிஷன் தேதியிலிருந்து காலக்கணக்கில் பதவி உயர்வு வருகிறது. 23 வயதில் ஏ.சி.சி.யில் நுழைபவர் 27-இல் கமிஷன் பெற்று 40-இல் லெப்டினன்ட் கர்னல் ஆவார். 27-இல் நுழைபவர் 31-இல் கமிஷன், 44-இல் லெப்டினன்ட் கர்னல். அதற்கு மேலே போட்டி. அந்த நான்கு வருடத்தைப் பின்னால் எதைக் கொடுத்தும் வாங்க முடியாது.

ஓ.டி.ஏ. வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் கவனமாகப் படிக்க வேண்டியது இது. ஓ.டி.ஏ. தருவது ஷார்ட் சர்வீஸ் கமிஷன்: 10 வருடம், விரும்பினால் இன்னும் 4 வருடம். அதன் பிறகு நிரந்தர கமிஷன் கிடைக்காவிட்டால் வெளியே வர வேண்டும். ஜவானாக 15 வருடம் முடித்தால் ஓய்வூதியம். நிரந்தர கமிஷன் அதிகாரிக்கு 20 வருடம். ஷார்ட் சர்வீஸ் மட்டும் முடித்து வருபவருக்கு ஓய்வூதியம் இல்லை. ஏற்கெனவே ஆறேழு வருட சர்வீஸ் உள்ளவர், அந்தக் காலம் எப்படிக் கணக்கில் சேரும் என்பதைத் தன் ரெக்கார்ட் ஆபீசில் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே ஓ.டி.ஏ.வுக்கு விருப்ப வரிசையில் இடம் கொடுக்க வேண்டும். ஓ.டி.ஏ. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஐ.எம்.ஏ. வயது தாண்டிப் பட்டம் முடித்தவருக்கு அது நல்ல வாய்ப்பு. கணக்குத் தெரிந்து போங்கள்.

28 தாண்டியவர்களுக்கு எஸ்.சி.ஓ. பயிற்சி ஒரு வருடம். குடும்பஸ்தர்களும் போகலாம் என்பதுதான் இதன் பலம். கம்பெனி அளவிலான பொறுப்புகளும் குவார்ட்டர் மாஸ்டர் போன்ற பொறுப்புகளும் இதில் வரும். பி.சி. எஸ்.எல்.லில் வேலை பெரும்பாலும் நிர்வாகம், குவார்ட்டர் மாஸ்டர், போக்குவரத்துப் பக்கம். அனுபவமுள்ள ஹவில்தார்களும் ஜே.சி.ஓ.க்களும் இந்த வழியை நினைத்துப் பார்ப்பதே இல்லை, அது தவறு.

3. காகிதத்தைச் சரிசெய்யுங்கள் (குறைந்தது ஆறு மாதம் முன்பே)

தேர்வுக்குப் படிப்பதைவிட இதை முதலில் தொடங்குங்கள். ஒரு விடுப்பில் முடியாத வேலைகள் இதில் இருக்கின்றன.

பெயர். தமிழ்நாட்டு ஜவான்களுக்கே உரிய சிக்கல் இது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'முருகன் எஸ்', சேரும்போது போட்ட பதிவில் 'எஸ். முருகன்', ஆதாரில் 'முருகன் சுப்பிரமணியன்', டிகிரியில் புள்ளி இல்லாமல் 'முருகன்எஸ்' என்று நான்கு விதமாக இருக்கும். நம் ஊரில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆவணம் சரிபார்ப்பவர் வேறு மாநிலத்துக்காரர் என்றால் நான்கும் நான்கு ஆட்களாகத் தெரியும். அடிப்படை, பத்தாம் வகுப்புச் சான்றிதழ். ஆதாரையும் பான் கார்டையும் அதற்கு ஏற்ப மாற்றுவது எளிது, அதை விடுப்பில் செய்துவிடலாம். சர்வீஸ் ரெக்கார்டில் பெயர் மாற்றுவது பிரமாணப் பத்திரம், யூனிட், ரெக்கார்ட் ஆபீஸ் என்று மாதக்கணக்கில் இழுக்கும். ஆகவே அதை முதலில் தொடங்குங்கள். அப்பா, அம்மா பெயரின் எழுத்துக்கூட்டலையும் இதே போல ஒப்பிடுங்கள்.

பிறந்த தேதி. சர்வீஸ் ரெக்கார்டிலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் ஒரே தேதிதான் இருக்க வேண்டும். யு.பி.எஸ்.சி. ஏற்பது சான்றிதழில் உள்ள தேதியை மட்டுமே.

படிப்பு. சேரும்போது பத்தாம் வகுப்பு, பிறகு +2 அல்லது டிகிரி முடித்திருந்தால், அது பார்ட் டூ ஆர்டரில் (ஜவானின் விவரங்களைப் பதிவு செய்யும் யூனிட் ஆணை) வெளியாகி ரெக்கார்டில் ஏறியிருக்க வேண்டும். சான்றிதழ் பெட்டியில் இருந்தால் மட்டும் போதாது. யூனிட் கிளார்க்கிடம் 'என் படிப்புக்கு பார்ட் டூ ஆர்டர் ஆகியிருக்கிறதா, நம்பரும் தேதியும் என்ன' என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அஞ்சல் வழியில் டிகிரி சேரும் முன்பே யூனிட் அனுமதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள். அனுமதி இல்லாமல் படித்த டிகிரியைப் பின்னால் பதிவேற்றுவது வீண் தலைவலி.

டிப்ளமோ, ஐ.டி.ஐ. படித்தவர்கள் அதை +2வுக்குச் சமம் என்று தாங்களாகவே எடுத்துக்கொள்ள வேண்டாம். அறிவிப்பில் சமத்துவம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் திறந்தநிலைப் பள்ளி வழியாக +2 எழுதிவிடுவது பாதுகாப்பு.

ஒழுங்கும் உடல் வகையும். ரெட் இங்க் என்ட்ரி (ரெக்கார்டில் சிவப்பு மையில் ஏறிய தண்டனை) உள்ளவருக்கு சர்வீஸ் வழிகள் சுருங்கிவிடும். விடுப்பில் ஒரு நாள் தாமதமாகத் திரும்பியதற்கு வாங்கிய தண்டனைகூட அப்போது முன்னால் வந்து நிற்கும். மெடிக்கல் கேட்டகரி ஷேப்-1 (முழு உடல் தகுதி) ஆக இருக்க வேண்டும். தற்காலிகமாகக் கேட்டகரி குறைந்திருந்தால், மறுபரிசோதனை போர்டு எப்போது என்று பார்த்து விண்ணப்பத்துக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

4. விண்ணப்பம்: இரண்டு பாதை, இரண்டு விதி

ஏ.சி.சி., எஸ்.சி.ஓ., பி.சி. எஸ்.எல். விண்ணப்பங்கள் யூனிட் வழியாகவே போகும். சி.ஓ. (யூனிட்டின் தலைமை அதிகாரி) பரிந்துரை இல்லாமல் நகராது. ஆகவே கடைசித் தேதி என்று அறிவிப்பில் இருப்பது உங்கள் தேதி அல்ல, அது மேலே போய்ச் சேர வேண்டிய தேதி. யூனிட் கிளார்க், அட்ஜுடன்ட், சி.ஓ., மேல் தலைமையகம் என்று ஒவ்வொரு மேசையிலும் நாள் போகும். யூனிட் ஃபீல்டு ஏரியாவுக்கு நகரும் நேரமானால் இன்னும் முன்பே கொடுங்கள். கொடுத்தபின் எந்தக் கடித எண்ணில் அனுப்பப்பட்டது என்று கேட்டு வையுங்கள். பின்னால் தேடும்போது அந்த எண்தான் கைகொடுக்கும்.

எத்தனை முறை முயலலாம், மணமானவர்களுக்கு என்ன விதி என்பவற்றையும் அந்த அறிவிப்பிலேயே வரிவரியாகப் படியுங்கள். முகாமில் மூத்தவர்கள் சொல்வது அவர்கள் எழுதிய வருடத்து விதியாக இருக்கலாம்.

சி.டி.எஸ்.க்கு நீங்களே இணையத்தில் விண்ணப்பிக்கிறீர்கள். கட்டணம் 200 ரூபாய். எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் பெண்களுக்கும் கட்டணம் இல்லை. ஆனால் படையில் இருப்பவர், தான் விண்ணப்பித்திருப்பதை சி.ஓ.வுக்கு எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். தேர்வை ரகசியமாக எழுதிவிட்டு, பாஸ் ஆனதும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அனுமதி மறுத்து மேலிருந்து யு.பி.எஸ்.சி.க்குக் கடிதம் போனால் தேர்ச்சியே ரத்தாகலாம். தெரிவித்த கடிதத்தின் நகலில் யூனிட் முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்வு மையங்கள் முதலில் கேட்பவருக்கே என்ற முறையில் நிரம்புகின்றன. சென்னையா மதுரையா, யூனிட்டுக்குப் பக்கத்து ஊரா என்பதை, தேர்வு மாதத்தில் விடுப்பு கிடைக்குமா என்று யோசித்து முதல் வாரத்திலேயே தேர்ந்தெடுங்கள்.

5. எழுத்துத் தேர்வு

சி.டி.எஸ்.ஸில் ஐ.எம்.ஏ.வுக்கு ஆங்கிலம், பொது அறிவு, அடிப்படைக் கணிதம் என்று மூன்று தாள், தலா 100 மதிப்பெண், தலா 2 மணி நேரம். ஓ.டி.ஏ.வுக்குக் கணிதம் இல்லை. தவறான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். கணிதம் பத்தாம் வகுப்புத் தரம்தான். ஆனால் நேரம் பற்றாது. பழைய வினாத்தாள்கள் யு.பி.எஸ்.சி. தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன, அவற்றைக் கடிகாரம் வைத்துப் போடுங்கள்.

ஏ.சி.சி. தேர்வில் ராணுவத் திறனறிதல், பொது அறிவும் நடப்புச் செய்திகளும், ஆங்கிலம், இவற்றோடு பாடத்தாள் ஒன்று. அறிவியல் பிரிவானால் கணிதம், இயற்பியல், வேதியியல். கலைப் பிரிவானால் வரலாறு, புவியியல், அரசியல், பொருளாதாரம். +2 படித்து நாலு வருடம் ஆனவர்கள் என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்களிலிருந்து தொடங்குவது நல்லது. தமிழ்வழியில் படித்தவர்கள் ஆங்கிலத் தாளைவிட அறிவியல் தாளில்தான் தடுமாறுகிறார்கள். விடை தெரியும், கேள்வியில் உள்ள கலைச்சொல் தெரியாது. தமிழ்ப் புத்தகத்தையும் ஆங்கிலப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அத்தியாயம் அத்தியாயமாகச் சொற்களைப் பிடியுங்கள்.

பல யூனிட்டுகளிலும் ரெஜிமென்டல் சென்டர்களிலும் ஏ.சி.சி. விண்ணப்பதாரர்களுக்கு கேடர் வகுப்பு நடத்துகிறார்கள். காவல் பணி, ஃபட்டீக் (முகாமின் உடலுழைப்பு வேலை) இல்லாமல் சில வாரங்கள் படிக்கக் கிடைப்பதே பெரிய பலன். கேட்டால்தான் பெயர் சேரும்.

6. எஸ்.எஸ்.பி.: ஐந்து நாள்

எழுத்துத் தேர்வில் பாஸ் ஆன சி.டி.எஸ். விண்ணப்பதாரர்கள், முடிவு வந்த இரண்டு வாரத்துக்குள் ராணுவத்தின் ஆள்சேர்ப்புத் தளத்தில் மறுபடி பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அழைப்பு வராது. முடிவு வரும் நேரத்தில் நெட்வொர்க் இல்லாத போஸ்ட்டில் இருப்பவர், வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் இந்த வேலையை முன்பே ஒப்படைத்துவிட வேண்டும்.

முதல் நாள் ஸ்கிரீனிங். அறிவுத்திறன் தேர்வு, பிறகு மங்கலான ஒரு படம். 30 விநாடி காட்டுவார்கள், 4 நிமிடத்தில் கதை எழுத வேண்டும், பிறகு குழுவாகப் பேச வேண்டும். இங்கேயே பாதிப் பேருக்கு மேல் வீட்டுக்கு அனுப்பப்படுவது சாதாரணம். ஜவான்கள் விழும் இடம் குழு உரையாடல். உத்தரவு வந்த பிறகு செயல்படுவது பழக்கமாகிவிட்டதால் பேச இடம் கிடைக்கும் வரை காத்திருக்கிறார்கள். கல்லூரியிலிருந்து வந்த பையன்கள் மூன்று முறை பேசி முடித்திருப்பார்கள். முதல் அரை நிமிடத்தில் ஒரு முறை வாய் திறந்துவிடுங்கள், சின்ன வாக்கியம் போதும். பக்கத்தில் இருப்பவர் மேஜர் மகனாக இருந்தாலும் அவரும் உங்களைப் போல நெஞ்சில் நம்பர் கட்டிய ஒருவர்தான், 'சார்' போட வேண்டாம்.

இரண்டாம் நாள் உளவியல் தேர்வுகள். வெற்றுத்தாளையும் சேர்த்து 12 படக்கதை. 60 சொற்கள், ஒவ்வொன்றுக்கும் 15 விநாடி. 60 சூழ்நிலைகள், 30 நிமிடம். கடைசியில் உங்களைப் பற்றி நீங்களே எழுதுவது. எல்லாக் கதையிலும் என்கவுன்டர், எல்லை, தீவிரவாதி என்று எழுதாதீர்கள். படத்தில் ஒரு பெண்ணும் சைக்கிளும் இருந்தால் அதைப் பற்றித்தான் கதை. 15 விநாடியில் தமிழில் யோசித்து ஆங்கிலத்துக்கு மாற்ற நேரம் இருக்காது. ஆகவே ஒரு மாதம் தினமும் 60 சொல் எழுதிப் பழகுங்கள். ஆறேழு சொல்லில் முடியும் எளிய வாக்கியம் போதும். இலக்கணப் பிழையைவிட வெற்றிடம்தான் அதிகம் கெடுக்கும்.

மைதானத் தேர்வில் ஜவானுக்கு உடம்பு கைகொடுக்கும். தனிநபர் தடைகள் 10, நேரம் 3 நிமிடம். ஆனால் கயிறு, பலகை, கட்டை வைத்து குழுவாகக் கடக்கும் தடைகளில் பார்ப்பது உங்கள் பலத்தை அல்ல. யோசனை சொல்கிறீர்களா, மற்றவர் சொல்வது நல்ல யோசனையானால் ஏற்கிறீர்களா, பின்தங்கியவரை இழுத்துக்கொண்டு போகிறீர்களா என்பதை. பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடைசி வரை நிற்பவர் நல்ல உழைப்பாளியாகத் தெரிவார், தலைவராகத் தெரியமாட்டார்.

நேர்முகத்தில் கேள்வி பிறப்பது நீங்கள் நிரப்பிய பி.ஐ.க்யூ. (உங்களைப் பற்றிய விவரங்கள்) படிவத்திலிருந்து. முந்தைய முயற்சிகளை மறைக்காமல் எழுதுங்கள். உங்கள் யூனிட், ஆயுதம், செய்த பணி, சொந்த ஊரின் விவசாயம், தொழில் இவற்றில் தெளிவாக இருங்கள். 'ஜவானாக இருந்தே நாட்டுக்குச் சேவை செய்யலாமே, ஏன் அதிகாரி?' என்று நிச்சயம் கேட்பார்கள். சம்பளம், மரியாதை என்று தொடங்கும் பதில் நிற்காது. உங்கள் செக்ஷனில் நீங்கள் பார்த்த ஒரு குறை, அதைச் சரிசெய்ய எந்த இடத்தில் முடிவெடுக்க வேண்டியிருந்தது என்று சொல்பவருக்கு அடுத்த கேள்வி நட்பாக வரும்.

கையில் இருக்க வேண்டியவை: மூவ்மென்ட் ஆர்டர் (யூனிட் தரும் பயண உத்தரவு), அடையாள அட்டை, அழைப்புக் கடிதம், பத்து, +2, டிகிரி அசல்கள், ஒவ்வொன்றிலும் சுயசான்றொப்பமிட்ட இரண்டு நகல், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் இருபது, சி.ஓ.வுக்குத் தெரிவித்த கடிதத்தின் நகல். லேமினேட் செய்த சான்றிதழோடு சேர்த்து மதிப்பெண் பட்டியலையும் எடுத்துப் போங்கள்.

7. மருத்துவம்

யூனிட்டில் ஷேப்-1 என்பதால் இங்கே தேறிவிடலாம் என்று நம்ப வேண்டாம். இது தனியான, விரிவான பரிசோதனை. காதில் அழுக்கு, மூக்குத் தண்டு வளைவு, டான்சில், மூலம், ஹைட்ரோசீல், வேரிகோசீல், கூடுதல் எடை ஆகியவைதான் அதிகம் பேரைத் தடுப்பவை. இவற்றில் பலவற்றை முன்பே சரிசெய்யலாம். எஸ்.எஸ்.பி. தேதி வந்தவுடன் அருகில் உள்ள ராணுவ மருத்துவமனையில் காட்டுங்கள். அறுவைச் சிகிச்சை தேவையானால் ஆறுவதற்கும் நாள் வேண்டும்.

தற்காலிகத் தகுதியின்மை என்று எழுதினால் மேல்முறையீட்டு மருத்துவக் குழுவுக்கு 42 நாள் இருக்கிறது. எந்த மருத்துவமனை, எந்தத் தேதி என்று அங்கேயே எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

8. பணமும் நாட்களும்

சர்வீஸ் வழிகளில் செலவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை, நகல், புகைப்படம், புத்தகம் தவிர. தனியார் எஸ்.எஸ்.பி. பயிற்சி மையங்கள் கேட்கும் கட்டணம் ஒரு சிப்பாயின் சம்பளத்துக்குப் பெரிய தொகை. எங்கள் கருத்தில், முதல் முயற்சிக்கு அது தேவையில்லை. யூனிட்டில் உள்ள இளம் அதிகாரிகள் அண்மையில் எஸ்.எஸ்.பி. தாண்டி வந்தவர்கள். மாலையில் அரை மணி நேரம் மாதிரி நேர்முகம் எடுக்கக் கேளுங்கள். மறுப்பவர்கள் குறைவு.

ஐ.எம்.ஏ., ஓ.டி.ஏ. பயிற்சிக் காலத்தில் மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை. லெப்டினன்டின் அடிப்படைச் சம்பளமும் அங்கேதான் தொடங்குகிறது, அதோடு ராணுவச் சேவைப் படி 15,500. ஜவானுக்கு இந்தப் படி 5,200. வீட்டுக் கடன், தங்கை திருமணம் என்று மாதப் பிடித்தம் உள்ளவர்கள் பயிற்சியில் சேரும் முன் கணக்கு அலுவலகத்தில் என்னென்ன நிற்கும், என்னென்ன தொடரும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நாள் கணக்கு இப்படி: சி.டி.எஸ். முதல் தேர்வின் அறிவிப்பு டிசம்பர் வாக்கில் வரும், தேர்வு ஏப்ரலில், எஸ்.எஸ்.பி. அதற்கடுத்த மாதங்களில், ஐ.எம்.ஏ. பயிற்சி அடுத்த ஜனவரியில். அறிவிப்பிலிருந்து பயிற்சி வரை ஒரு வருடத்துக்கு மேல். செப்டம்பர்த் தேர்வுக்கு அடுத்த ஜூலை. கடைசி வருட மாணவராக விண்ணப்பித்தவர்கள், தேறியதற்கான சான்றை அறிவிப்பில் உள்ள தேதிக்குள் கொடுக்க வேண்டும். அஞ்சல்வழிப் பல்கலைக்கழகங்களில் தேர்வு முடிவு தள்ளிப்போனால் எஸ்.எஸ்.பி. தேறியும் இடம் போய்விடும். ஆகவே அரியர் ஒரு பாடம் இருந்தாலும் அதை முந்தைய தேர்விலேயே முடித்துவிடுங்கள்.

எஸ்.எஸ்.பி.யில் 'ரெக்கமெண்டட்' என்று கேட்டதும் எல்லாம் முடிந்ததாக வீட்டுக்குச் சொல்லிவிடாதீர்கள். மருத்துவம் தேறி, மெரிட் பட்டியலில் காலியிட எண்ணிக்கைக்குள் பெயர் வந்து, சேரும் கடிதம் கையில் கிடைக்க வேண்டும். அது வரும் வரை அடுத்த சி.டி.எஸ். விண்ணப்பத்தையும், வயது இருந்தால் அடுத்த ஏ.சி.சி. விண்ணப்பத்தையும் போட்டுக்கொண்டே இருங்கள். முதல் முறை தேறிவிட்டால் இரண்டாவதற்குக் கட்டிய 200 ரூபாய் மட்டும்தான் போகும்.